ஊர்ப் பொதுநிதி

தன் வாயிலில் வந்து இரப்பார்க்கு ஒருவன் அளிப்பது ஈகை; ஊரோடு ஒத்து வாழ்வான் ஒருவன் ஊரின் பொருட்டுச் செய்வது ஒப்புரவு. திருவள்ளுவனார் இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதாது, ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரமாகவும் ஈகையை இருபத்து மூன்றாம் அதிகாரமாகவும் பிரித்து வைத்தார் என்பதைத் தமிழ் பயில்வார் அறிவர். ஈகையில் கொடுப்பவன் உயர்ந்தும் ஏற்பவன் தாழ்ந்தும் நிற்பர். ஒப்புரவிலோ இருவரும் ஓரூரினர் என்னும் முறைமையால் ஒரே நிலத்தில் நிற்பர். நம் நாட்டில் ஈகைக்கு இன்றும் பெருங்குறைவில்லை. திருவிழா நாளில் அன்னதானம் நடைபெறுகின்றது. கிறிஸ்து பிறப்புப் பெருநாளில் ஏழையர்க்கு ஆடை வழங்கப்படுகின்றது. வெள்ளம் வந்த காலத்தும் கொடைக் கைகள் நீளுகின்றன. குறைந்து வருவது ஒப்புரவே. அதனை மீட்டற்குரிய வழிகளுள் ஒன்றாக, பட்டு நெசவாற் பெயர்பெற்ற எம் ஊராகிய ஆரணியில் ஒரு பொதுநிதி நிறுவப்பெறல் வேண்டும் என்பது எம் கருத்து. அதனை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

ஊர்ப் பொதுநிதி என்பது யாது? ஓர் ஊரினர் பலரும் தத்தமக்கு இயன்ற பொருளை ஓரிடத்திற் சேர்த்து, அதன் முதலை அழியாது காத்து, அதனால் வரும் ஊதியத்தையும் ஆண்டுதோறும் வரும் புதுக்கொடையில் ஒரு பகுதியையும் அவ்வூரில் உழைக்கும் சிறு தொண்டு அமைப்புக்களுக்கு மானியமாகப் பகிர்ந்தளிக்கும் அறநிலையமே அது. அது தானே பள்ளி நடத்துவதன்று, மருத்துவச்சாலை கட்டுவதன்று. இரவுப் பள்ளி நடத்துவாரையும், படிப்பகம் காப்பாரையும், கைம்பெண்கட்குத் தொழில் கற்பிப்பாரையும், ஆற்றைத் தூய்மை செய்வாரையும் தேடிக் கண்டு தாங்குவதே அதன் தொழில்.

இக்காலத்து வடிவில் இம்முறையை முதன்முதல் அமைத்தவர் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரத்து வங்கித் தலைவராகிய பிரெடரிக் காஃப் என்பவர். ஆண்டு 1914. செல்வர் பலர் இறக்குங்கால் எழுதிவைக்கும் உயிலறங்கள் காலப்போக்கிற் பயனற்றுப் போதலை அவர் தம் தொழிலிற் கண்டார். செயின்ட் லூயி நகரில் 1851-இல் இறந்த முல்லன்பி என்பார், அந்நகர் வழியே மேற்றிசைக்குக் குடியேறச் செல்லும் ஏழை வழிப்போக்கர்க்கு உதவுமாறு தம் செல்வத்தின் மூன்றிலொரு பங்கை எழுதிவைத்தார். இருப்புப்பாதை வந்தபின் வண்டி கட்டிச் செல்லும் அவ்வழிப்போக்கர் அருகினர். பணமோ கட்டுண்டு கிடந்தது. இறந்தார் கை இருப்பாரைப் பிணித்தல் தகாது என்று கருதிய காஃப், கொடைகள் பலவற்றை ஒருங்கு சேர்த்து, அவ்வக்காலத்து ஊரின் தேவைக்கேற்ப அவற்றைச் செலவிடும் உரிமையை ஊரார் குழு ஒன்றற்கு அளித்தார். அந்நிதி, பொருளை வாரி வழங்குதற்கு முன்னர் நகரத்துப் பள்ளிகளின் நிலை யாதென விரிவாக ஆராய்ந்தமை குறிக்கத்தக்கது. ஊரை அறிந்த பின்னரே ஊருக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. இன்று உலகெங்கும் இத்தகைய நிதிகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. நம் நாட்டிலும் 1991-இல் பம்பாயில் இம்முறை தழுவிய நிதியம் ஒன்று தோன்றிற்று.

நிற்க. இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணற்க. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர் பயில வழங்கும். கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்புவார் 90 ஆடோ 96 ஆடோ அளிப்பர். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் அளந்த நெய் கொணர்தல் வேண்டும். ஆடு இறப்பினும் முதிரினும் குட்டிகளால் தொகை நிரம்புதலின், அம்மந்தை என்றும் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. முதலைக் காத்து ஊதியத்தைச் செலவிடுதல் என்று இன்று பொருள்நூலார் விரித்துரைப்பதனை நம் முன்னோர் மூன்று சொல்லில் அடக்கினர்.

அம்முறையைப் போற்றிக் காத்த குழுக்களையும் நாம் அறிவோம். ஆரணிக்குத் தொலைவிலல்லாத உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து, கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றிற்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் உறவினரும் ஓலையிற் பெயரெழுதப்பெறும் தகுதி இழந்தனர். எனினும், அக்கல்வெட்டுக்களைப் புகழ்வார் பலரும் சொல்லாது விடும் செய்தி ஒன்றுண்டு. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடைய ஆடவர் பெயரே குடத்தில் இடப்பெற்றது. உழுவார்க்கும் நெய்வார்க்கும் பெண்டிர்க்கும் ஆண்டு ஓலை இல்லை. ஆதலின் உத்தரமேரூர் நமக்குப் பாதி வழிகாட்டி, பாதி எச்சரிக்கை.

பிற்காலத்தில் வணிகர் இம்முறையை வேறு வடிவிற் போற்றினர். தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர், விற்கும் பொருளின்மேல் 'மகமை' என்னும் சிறு தொகையைத் தாமே விதித்துக்கொண்டு பொதுவிற் சேர்த்தனர். விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்துச் சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கினர். பின்னாளில் இம்மாநிலத்தின் முதலமைச்சராகிய காமராசர் பயின்ற பள்ளி அதுவே. அவர் ஆட்சியில் 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், தத்தம் ஊர்ப்பள்ளிக்கு வேண்டுவன யாவை என ஊராரே கணக்கிட்டுப் பொருளீந்தமைக்கும் இப்பிடியரிசிப் பழக்கத்திற்கும் உறவில்லை என்று கூறுதல் அரிது. நம் திருச்சபையிலும், 1830-இல், இரேனியுஸ் ஐயர் காலத்துத் திருநெல்வேலியில் 'தர்ம சங்கம்' தோன்றி, நிலமும் மனையும் வாங்கிப் புதுச் சபையார்க்குப் புகலளித்தது. மிசோரம் நாட்டுச் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிச் சபைப்பணிக்கு அளித்து வருகின்றனர்.

இனி, ஆரணியின் நிலையைக் காண்பாம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூர்க்கு இரண்டு பெருமை: ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. ஆரணிப் பட்டிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. எனினும், சேலையின் பெருமை நெய்தார் வீட்டிற் புகுந்ததாகத் தெரியவில்லை. ஒரு சேலைக்குப் பின்னே ஒருவர் உழைப்பன்று, ஒரு குடும்பத்தின் உழைப்பு நிற்கின்றது. ஆடவர் தறியில் அமர, பெண்டிர் தார் சுற்றுகின்றனர். பாவு முடிந்தவிடத்துப் புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு பிணைக்கின்றனர். இவ்வுழைப்பிற்குக் கூலிக் கணக்கில் தனிப்பெயர் இடம்பெறுவது அரிது. முதலாளியிடம் பெற்ற முன்பணம் தீராத வரையில் நெசவாளர் வேறிடம் பெயர்தலும் எளிதன்று. மழைக்காலத்தில் குழித்தறியில் நீரூறுமாயின் தறி நிற்கும், தெருவிற் பாவு விரித்தலும் நிற்கும், அடுப்பும் நிற்கும். 2020-ஆம் ஆண்டு நோய்க்காலத்தில் திருமணங்கள் சுருங்கப் பட்டு வாணிகம் எத்துணைத் தளர்ந்தது என்பதை யாவரும் அறிவர்.

இத்தகைய ஊரில் வேண்டப்படுவன பெரும்பாலும் சிறியன. தெருவார் கூடிப் பாவு நீட்டுதற்கு மழை நனையாத ஒரு கூரை. நுண்ணிழை நோக்கிக் கண் மங்கினார்க்கு மூக்குக்கண்ணாடி. தறி வீட்டுப் பிள்ளைகள் மாலையிற் படித்தற்கு விளக்கும் விசிப்பலகையும் உள்ள ஓர் அறை. முன்பணக் கணக்கைப் படித்துக் காட்டுவார் ஒருவர். இவற்றுள் எதுவும் இலட்சக்கணக்கிற் பொருள் வேண்டுவதன்று. சிறிதாயிருத்தலே இவற்றின் தீயூழ் போலும்! பெருநிதியுடையார் கண்ணுக்குச் சிறுதேவை புலப்படுவதில்லை.

வெளியிலிருந்து உதவி வாராதோ எனின், வரும் வழிகள் மூன்றையும் ஆராய்வாம்.

முதலாவது, அயல்நாட்டுக் கொடை. வேலூர் மாவட்டமும் அதனைச் சூழ்ந்த பகுதியும் இதனாற் பெற்ற நன்மையை மறத்தல் நன்றி கொன்றதாகும். 1853-இல் ஸ்கடர் உடன்பிறப்பாளர் தொடங்கிய ஆர்க்காட்டு மிஷனின் பணி ஆரணிக்கும் எட்டிற்று. 1902-இல் வேலூரில் திறக்கப்பெற்ற மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, நியூயார்க் நகரத்தார் ஒருவர் தம் மனைவியார் நினைவாக ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் அளித்த 10,000 டாலரால் எழுந்தது. ஆயினும் அக்காலம் சென்றது. அயல்நாட்டுப் பொருள் பற்றிய சட்டத்தில் 2020-ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, அப்பொருளைப் பெற்ற அமைப்பு அதனை வேறோர் அமைப்பிற்குப் பகிர்ந்தளித்தல் ஆகாது. நிருவாகச் செலவும் நூற்றுக்கு இருபதைக் கடத்தல் ஆகாது. பெரிய அமைப்பு பெற்றுச் சிற்றமைப்பிற்கு ஈந்த வாய்க்கால் இதனால் அடைபட்டது.

இரண்டாவது, வணிக நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் தொகை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டில் ஐந்து கோடி ரூபாய் நிகர ஊதியம் பெறுதல் முதலிய அளவைகளுள் ஒன்றை எட்டிய நிறுவனங்கள், முந்திய மூன்றாண்டு ஊதியச் சராசரியில் நூற்றுக்கு இரண்டைப் பொதுப்பணிக்குச் செலவிடல் வேண்டும். தாம் தொழில் புரியும் பகுதிக்கு முதன்மை தரல் வேண்டும். ஆரணியின் தொழிலோ வீட்டுத் தறியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அரிசி ஆலையிலும் நடப்பது. செய்யாற்றுத் தொழிற்பேட்டையின் பெருநிறுவனங்கள் தம் மதிலையடுத்த ஊர்களை முதற்கண் நோக்குதல் இயல்பே. ஆதலின் இம்மடை ஆரணி நோக்கித் திறத்தல் அரிது.

மூன்றாவது, தலைநகரங்களிலுள்ள பெரிய அறக்கட்டளைகள். இவற்றின் வாயிலில் நிற்கும் காவலன் வறுமையை வினவுவதில்லை, ஆங்கிலத்தை வினவுகின்றான். பல பக்க விண்ணப்பம், மூன்றாண்டுத் தணிக்கை, எண்ணால் அளந்த பயன் ஆகியவற்றை வேற்றுமொழியில் நிரப்பத் தெரிந்தவர் நல்கை பெறுகின்றனர். இருபதாண்டு இரவுப் பள்ளி நடத்திய ஒரு நெசவாளர், தம் பணியைத் தம் மொழியிற் கூறும் உரிமையின்றி வாயிலிலேயே நின்றுவிடுகின்றார். தமிழகத்தில் தமிழருக்குச் செய்யும் அறத்திற்கு ஆங்கிலம் நுழைவுச்சீட்டாதல் எவ்வாற்றானும் பொருந்துவதன்று. ஊர்ப் பொதுநிதி ஊரார் மொழியில் ஒரு பக்க விண்ணப்பத்தை ஏற்கும். எழுத அறியாதார் வாய்மொழியாகக் கூறின் அதனையும் எழுதிக்கொள்ளும்.

இந்நிதி எவ்வாறு அமைதல் வேண்டும்? இவ்வினாவிலேயே இதன் உயிர் உள்ளது. பொருள் சேர்த்தல் எளிது, பகிர்தலே அரிது. எருசலேமின் முதற் சபையிற் கிரேக்கமொழி பேசும் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியிற் புறக்கணிக்கப்படுகின்றனர் என்ற முறைப்பாடு எழுந்ததனை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் கூறும். அப்போஸ்தலர் முறையிட்டாரைக் கடிந்துகொள்ளவில்லை. பந்தியைத் தாமே மேற்பார்க்கவும் இல்லை. எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு சபையாரிடமே விட்டனர். ஸ்தேவான் முதலிய அவ்வெழுவர் பெயரும் கிரேக்கப் பெயராயிருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. புறக்கணிக்கப்பட்டார் பக்கத்தவர் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலும். இதனினும் சிறந்த விதியை யாம் அறியோம். ஆரணிப் பொதுநிதியின் குழுவிற் பாதி இடம் நெசவாளர்க்கும், அதிலும் பாதி தார் சுற்றியும் இழை பிணைத்தும் உழைக்கும் பெண்டிர்க்கும் உரியதாதல் வேண்டும். கொடையாளர் குழுவிலிருக்கலாம், கொடை மிகுதியால் வாக்கு மிகுதல் ஆகாது.

பவுல் அடியார் எருசலேமின் ஏழையர்க்காகத் திரட்டிய பொருளைத் தாமே தனித்துக் கொண்டுசெல்லாது, சபைகள் தெரிந்தெடுத்தாரை உடன் அழைத்துச் சென்றார். தம் நேர்மையில் அவருக்கு ஐயமில்லை. பிறர் ஐயுறுதற்கு இடம் வைத்தல் கூடாதென்பதே அவர் கருத்து. அவ்வாறே, இந்நிதியின் வரவும் செலவும் திங்கள்தோறும் சந்தைமுகத்துப் பலகையில் எழுதப்பெறல் வேண்டும். கணக்குக் காட்டாதவர்க்கு மறுபடி இடமில்லை என்னும் உத்தரமேரூர் விதி இங்கும் செல்லும்.

இன்னும் ஒன்று. கொடையாளர் பலர் கட்டடத்திற்குத் தருவர், வாடகைக்குத் தாரார். பலகணிக்குத் தருவர்; ஆசிரியர் சம்பளத்திற்குத் தாரார். பெயர் பொறித்தற்குச் சுவர் வேண்டுமன்றோ? அதனாற் கட்டிய கூடங்கள் பூட்டிக் கிடக்க, நடக்கும் பள்ளிகள் விளக்கெண்ணெய்க்கும் வழியின்றி நின்றுபோகின்றன. ஆதலின் ஆள்கூலி, வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றிற்கே இந்நிதி முதற்கண் உதவுதல் வேண்டும். ஒருமுறை தந்து கைவிடாது மூன்றாண்டேனும் தொடர்ந்து தாங்கல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். 'இவையெல்லாம் அரசின் கடமை. மக்கள் ஏன் சுமத்தல் வேண்டும்?' என்பர் சிலர். அரசின் கடமை அரசினதே. அதனை ஒருநாளும் விடுவித்தல் ஆகாது. கைத்தறியாளர்க்கு இருதிங்கட்கு 200 யூனிட்டாக இருந்த விலையில்லா மின்சாரத்தை அரசு 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்திற்று. அத்தகைய செயலை எந்த ஊர்நிதியும் செய்யவியலாது. ஆனால் தெருவில் நிற்கும் ஒரு பாவிற்குக் கூரையில்லை என்பதை அறிதற்குத் தெருவிலிருப்பார் கண் வேண்டும். மேலும், 1997-இல் தோன்றி 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றிலொரு பங்கை மக்கள் திரட்டின் எஞ்சியதை அரசு அளிக்கும் என்பது பொதுவிதி. அம்மூன்றிலொரு பங்கிற்கு ஒவ்வொரு முறையும் செல்வர் வாயிலில் நிற்பதினும், ஊருக்கென ஒரு நிதி இருத்தல் நன்றன்றோ? 1920-களின் தொடக்கத்தில் ராக்ஃபெல்லர் குடும்ப நிதியார், ஆசியாவிலுள்ள கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிகட்குப் பெண்கள் இரண்டு டாலர் திரட்டினால் தாம் ஒரு டாலர் தருவதாக உறுதி கூறினர். வேலூர் மருத்துவப் பள்ளியும் அதனாற் பயன்பெற்றது. தாம் முதலில் கை நீட்டிக் கொடுத்தார்க்கே பிறர் கையும் நீண்டது.

'எங்கள் சாதிக்குச் சங்கம் உண்டு. எங்கள் சபைக்கு நிதி உண்டு. ஊர்க்கென வேறொன்று எதற்கு?' என்பர் வேறு சிலர். மகமையின் சிறப்பினை மேலே கூறினோம். அதன் குறையும் அதனுள்ளேயே உள்ளது. தன் இனத்தாரைத் தாங்கும் சங்கமில்லாத இனத்தார் யாது செய்வர்? ஆரணியிற் சௌராட்டிரரும் செங்குந்தரும் பிறரும் அடுத்தடுத்த தெருக்களில் நெய்கின்றனர். மழை எல்லாருடைய குழித்தறியிலும் ஒன்றாகவே ஊறுகின்றது. கிறிஸ்தவராகிய யாமும் எம் சபைப்பெட்டியின் அளவில் அயலான் என்னும் சொல்லைச் சுருக்கிவிடல் தகாது. நல்ல சமாரியன் உவமையில் அயலானாக நின்றவன் வேற்றினத்தான் என்பதை மறவற்க.

'ஏழை நெசவாளர் ஊரிற் பொருள் எங்கே?' என்பது மூன்றாம் தடை. ஆயிரம் குடும்பத்தார் நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்குவார்களாயின், ஆண்டொன்றில் 3,65,000 ரூபாய் சேரும். அதிற் பாதியை முதலாக வைப்பினும், எஞ்சிய பாதியில் இருபத்தையாயிரம் ரூபாய் வீதம் ஏழு சிற்றமைப்புக்களைத் தாங்கலாம். பட்டு வாணிகர் சேலை ஒன்றுக்கும், அரிசி ஆலையார் மூட்டை ஒன்றுக்கும் ஒரு ரூபாய் மகமை வைப்பராயின் இது பன்மடங்காகும். பிடியரிசிக்கு ஆரணியினும் உரிய ஊர் வேறு யாது? ஆயினும் மேலும் ஒன்று கூறுவோம்: சேலையின் விலை உயர்ந்து நெய்தவர் கூலி உயராதவிடத்து, வாணிகர் தரும் மகமை கொடையன்று, கடனைத் திருப்புதலின் தொடக்கமே. இந்நிதியைக் காட்டி நியாயமான கூலியைக் குறைப்பாராயின், அது தொடங்காமலிருத்தலே நன்று.

இறுதியாக, இவ்விதழைப் படிப்பார்க்கு ஒரு வேண்டுகோள். பழைய மாணவர்களே! உங்களுட் பலர் தணிக்கையாளராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் பல நகரங்களில் வாழ்கின்றீர்கள். அறக்கட்டளையைப் பதிவு செய்தலும், நன்கொடைக்குரிய வரிச்சலுகையைப் பெறுதலும் உங்கட்கு ஒருநாள் வேலை. நெசவாளர்க்கு அவை மலை. ஆண்டிற்கு நான்கு நாள் இதற்கு ஈவீர்களாக. உடன் பயிலும் நண்பர்களே! வணிகவியல் பயில்வார் சிற்றமைப்புக்களின் கணக்கை எழுதிக் கொடுக்கலாம். தமிழ் பயில்வார் தெருத்தெருவாகச் சென்று, ஊரின் தேவைகளைக் கேட்டு, ஊரார் சொல்லிலேயே எழுதித் தொகுக்கலாம். கிளீவ்லாந்து நகரத்தார் தம் நிதியின் தொடக்கத்திற் செய்த ஆராய்ச்சியை, வரும் கோடை விடுமுறையில் ஆரணியில் நாமே தொடங்குவோம். பேராசிரியப் பெருமக்கள் எமக்கு வழிகாட்டுவார்களென நம்புகின்றோம்.

நம் கல்லூரியின் கற்கள் பலவும் நாம் பெயரறியாத ஏழை மக்களின் சிறு காசுகளால் அடுக்கப்பெற்றவை. அவர்கள் நம்மைக் கண்டதில்லை, ஆயினும் கொடுத்தனர். நாமோ, நாள்தோறும் காணும் தெருவார்க்குக் கொடுக்க வேண்டியவர்களாயிருக்கின்றோம். அப்பணியை இவ்வாண்டே தொடங்குதற்கு ஆண்டவர் நமக்கு மனமும் ஒற்றுமையும் அருள்வாராக.